நீ தூங்குவதை யார் பார்த்தார்கள்?

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, தம்பி மூன்று பேரும் சுகம். அடுப்பு சுகம், கடை சுகம், மாடிப்படியில் மூன்றாவது படி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. இதற்கு அடுத்த வரியில் நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு வீட்டுக் கதைக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரிக்குப் பேனா ஓடவில்லை அம்மாடி. நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அங்கே ஒரு மனநல மருத்துவரைப் போய் நீ பார்க்க வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் விரும்புகிறோம். இதைப் படித்ததும் உன் மூக்கு சிவந்துவிடும் என்று தெரியும், சின்ன வயதிலிருந்து பார்க்கிற மூக்குதானே. போன வாரம் போனில் இதைச் சொல்ல வாயெடுத்தேன், நீ சிரித்துக்கொண்டே, அப்பா நான் என் வாழ்க்கையிலேயே இவ்ளோ நல்லா இருந்ததில்லப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தபால் போய்ச் சேரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, தம்பி இதைப் படம் பிடித்து இன்றே உன் போனுக்கு அனுப்பிவிடுவான். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குக் கையில் சூடு பட்டது, ஆஸ்பத்திரியில் இருந்தான், அதற்குப் பிறகு மனநல டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான், உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். அது அவனுடைய கதை, அவன் சொன்னபடி நாங்களும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவனே வந்து, அக்காவுக்கு எல்லாத்தையும் எழுதுங்கப்பா, ஒண்ணையும் மறைக்காதீங்க, கையைப் பத்தியும் எழுதுங்க என்று சொல்லிவிட்டான். நான் இங்கே எழுதுகிறேன், அவன் எதிர் மேசையில் பன்னுக்கு மாவு உருட்டிக்கொண்டே நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறான்.

நம் வீட்டு நேரம் உனக்குத் தெரியாததா? நான் அடுப்பு ஆள், உன் அம்மா கடை ஆள். ஊர் எழுந்திருப்பதற்கு வெகு முன்னால் நான் கீழே இறங்கினால் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்து சாய்வேன். நான் படியேறும்போது அவள் இறங்குவாள், சாயங்கால வியாபாரம் முழுக்க அவள் பொறுப்பு, ஷட்டரை இறக்கிவிட்டு வந்து படுத்தால் வெளிச்சம் வந்த பிறகுதான் எழுவாள். உங்க அப்பாவோட நான் குடும்பம் நடத்தினதெல்லாம் மாடிப்படியிலதான் என்று அவள் வந்தவர்களிடமெல்லாம் சொல்வாளே, அதில் ஒரு மாற்றமும் இல்லை. உன் தம்பி எப்படிப்பட்டவன் என்பதும் உனக்குத் தெரியும். பத்துத் தடவை கூப்பிட்டால் பதினோராவது தடவை புரண்டு படுப்பான். அப்படிப்பட்டவன் திடீரென்று வேறு ஆளாகிவிட்டான். நான் கீழே இறங்கும்போது எனக்கு முன்னால் மாவு பிசைந்து மூடி வைத்திருப்பான், தட்டுகளைத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருப்பான். கடையின் பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம், ரஸ்க் டப்பாவுக்குப் புதுப் படம், எள் தூவி ஒரு பன், வாழைப்பழம் பிசைந்து ஒரு ரொட்டி என்று தினம் ஒன்று புதிதாக வந்தது. வாடிக்கைக்காரர்களிடம் வாய் மூடாமல் பேச்சு, சிரிப்பு, பாட்டு. மாவு பிசைகிற மெஷினைப் பிரித்துப் போட்டு இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று உட்கார்ந்தான், பாதியில் அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிரித்தான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, என் ரத்தம் இப்போதுதான் பேசுகிறது என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மார்தட்டினேன். ராத்திரி பகல் பாராமல் ஒருவன் வேலை செய்தால் மற்ற வீடுகளில் கவலைப்படுவார்கள், பேக்கரிக்காரன் வீட்டில் பெருமைப்படுவார்கள்.

சூடு பட்ட அன்று காலையில் வாசல் வரைக்கும் கூட்டம் நின்றது. இந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு அடுப்பு போடப்போவதாகவும், அதற்கு மேலிடத்தில் தனக்கு உத்தரவு கிடைத்துவிட்டதாகவும் தம்பி பேசிக்கொண்டே இருந்தான். எந்த மேலிடம்டா என்று கேட்டேன், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான் பார், அப்போதுதான் முதல் தடவையாக இது சரியில்லை என்று எனக்குப் பட்டது. தட்டை இழுப்பதற்குக் கனத்த துணி எங்கே என்று நான் திரும்புவதற்குள் அவன் அடுப்புக்குள் கையை விட்டு, தகிக்கிற தட்டை வெறும் கையால் பிடித்து இழுத்துவிட்டான். போடுடா போடுடா என்று நான் கத்துகிறேன், அவன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் நடந்துபோய்க் கண்ணாடிப் பெட்டி மேல் பதமாக இறக்கி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். அலறியது நானும் உன் அம்மாவும்தான், அவன் இல்லை. நம் கடைக்கு மாவு இறக்குகிறவர், மூட்டை என்றே கூப்பிடுவோமே, இரண்டு மாவு மூட்டையை ஒரே தோளில் தூக்குகிறவர், அவர்தான் தம்பியை அப்படியே அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் தோல் உரிந்த கையை மருந்து வைத்துத் துடைக்கிறார்கள், நான் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனோ கட்டுப் போடுகிற டாக்டருக்கு ஆஸ்பத்திரியை எப்படி நடத்த வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த டாக்டருக்குச் சின்ன வயதுதான். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். வந்தது ஒரு டாக்டரம்மா. நரைத்த தலை, சாதாரணச் செருப்பு, கழுத்தில் குழாய்கூட இல்லை. மனநல மருத்துவர் என்று சொன்னதும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. என் பிள்ளைக்குப் பைத்தியம் இல்லம்மா, கைதான் வெந்திருக்கு என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கையை அவர் பார்த்துக்குவார் ஐயா, கை வெந்தும் ஏன் வலிக்கலைன்னு பார்க்கத்தான் நான் வந்தேன் என்றார். நான் நகர்ந்து வழி விட்டேன்.

தம்பியிடம் நெடுநேரம் பேசினார். பேசினார் என்பதைவிட அவன் பேச இவர் கேட்டார் என்பதுதான் சரி. ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார், கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருந்தாலும் இப்படி ஆகலாமாம், ஏதாவது போதைப் பழக்கம் இருக்கிறதா, இதற்கு முன் என்றைக்காவது சுருண்டு படுத்திருக்கிறானா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பார்த்தவுடன் பேர் வைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க பையன் எப்போ தூங்குறார் என்று கேட்டார். மத்தியானம் என்னோட தூங்குவான் என்றேன். உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அதையே கேட்டார். ராத்திரி நான் படுக்கும்போதுதான் அவனும் படுப்பான் என்றாள் அவள். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். அப்பா மத்தியானம்னு சொல்றாங்க, அம்மா ராத்திரின்னு சொல்றாங்க, அவர் தூங்குறதைக் கண்ணால பார்த்தது யாரு என்று கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நான் தூங்குகிற நேரத்தில் அவனும் தூங்குவான் என்று நான் இருந்திருக்கிறேன், அவள் தூங்குகிற நேரத்தில் அவனும் தூங்குவான் என்று அவள் இருந்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தூங்கவே இல்லை, அது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க மேல தப்பு இல்லம்மா, உங்க வீட்டு நேரம் இந்த நோய்க்கு நல்லா ஒளிஞ்சுக்க இடம் கொடுத்துடுச்சு, அவ்ளோதான் என்றார்.

மனம் தாறுமாறாக மேலே ஏறும், பிறகு அதே வேகத்தில் கீழே இறங்கும், இருதுருவக் கோளாறு என்று அதற்குப் பெயர் என்றார். ஆஸ்பத்திரியில் தங்க மாட்டேன் என்று தம்பி முரண்டு பிடித்தான், தனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது, தன் யோசனைகளைத் திருடப் பார்க்கிறார்கள் என்று குதித்தான். டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்து, உங்க யோசனையைப் பிடுங்க நான் வரல தம்பி, ஆனா உங்களுக்குத் தூக்கம் வேணும், தூங்கி எழுந்ததுக்கு அப்புறமும் அது நல்ல யோசனையாவே இருந்தா உட்கார்ந்து பேசுவோம் என்றார். என்ன மாத்திரை, எதற்கு, சாப்பிட்டால் என்ன செய்யும் என்று அவனிடமே சொன்னார், எங்களிடம் சொல்லி ஏமாற்றிக் கொடுக்கச் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையை நீட்டி அவனே வாங்கிக்கொண்டான். அவன் தூங்கினான். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், காப்பி குடிக்கக்கூட எழுந்துவர மாட்டேன் என்றுவிட்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் இறங்கினான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான், பேச்சு இல்லை, குளிப்பது இல்லை, கீழே அடுப்பு எரிகிற வாசனை வந்தால் போர்வையை இழுத்து மூக்கை மூடிக்கொள்வான். என் பொறுமை போய்விட்டது. டாக்டரம்மாவிடம் போய், பம்பரமா சுத்தின பிள்ளையைக் கொண்டுவந்து விட்டேன், கட்டையா ஆக்கித் திருப்பிக் கொடுத்திருக்கீங்க என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். செத்துப்போயிடலாம்னு தோணுதா தம்பி என்று, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி கேட்டார். இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லி இவரே அவன் தலைக்குள் போடுகிறாரே என்று எழுந்துவிட்டேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமா, தினமும் என்றான். அம்மாடி, அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை, சாகும்வரை மறக்கப்போவதும் இல்லை. என் கண் எதிரே படுத்திருந்த பிள்ளை தினமும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறான், நான் அவனை எழுந்து பல் தேய்க்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டா இந்த எண்ணம் புதுசா வராது ஐயா, கேட்கலைன்னாதான் உள்ளேயே இருந்துக்கும் என்றார் டாக்டரம்மா. அன்றே மாத்திரையை மாற்றினார், அவனைத் தனியாக விடக்கூடாது என்றார், மாத்திரை டப்பாவை அம்மா கையில் இருக்கச் சொன்னார், அடிக்கடி வரவழைத்துப் பார்த்தார், வராத நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அவன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினான். உன் தம்பி இன்றைக்கு உயிரோடு மாவு உருட்டுகிறான் என்றால் அந்த அம்மா கூசாமல் கேட்ட அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ போகும்போது பயப்படக் கூடாது. சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள், கூச்சலாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். ரயில் நிலையத்தில் இருக்கிற மாதிரி வரிசையாக நாற்காலி, கைக்குழந்தையோடு ஒரு பெண், கையில் மதியச் சாப்பாட்டுப் பையோடு ஒரு வங்கி ஊழியர், அவ்வளவுதான். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எதிரே ஒருவர் அதே மாதிரி பேப்பருக்குப் பின்னால் இருந்தார். நெடுநேரம் கழித்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பக்கத்தைத் திருப்பினோம், பார்த்தால் தினமும் காலையில் நம் கடையில் இரண்டு பன் வாங்குகிற பஸ் கண்டக்டர். அவர் தன் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். நாங்கள் இருவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டோம், இப்போது வரிசையில் யாருக்கு முன்னால் யார் என்று சண்டை போடும் அளவுக்குச் சிநேகம்.

எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு இன்னொரு தொல்லை வந்தது. மாத்திரையால் தம்பிக்குக் கை நடுங்கியது. தீப்புண் ஆறிய கை, உள்ளங்கையில் ரேகையெல்லாம் அழிந்து வழவழவென்று இருக்கும், அது நடுங்கவும் ஆரம்பித்தால் ஒரு ரொட்டிக்காரன் என்ன செய்வான்? அவன் உருட்டிய பன் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. உன் மாமா வேறு வந்து, நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இன்னும் மாத்திரை, நிறுத்திப்போடு என்று தூபம் போட்டார். தம்பிக்கும் அந்த எண்ணம் இருந்தது. நான் மறுபடியும் டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன், கை நடுங்குறவன் எப்படிம்மா மாவு உருட்டுவான் என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? மாவு உருட்டுறது எப்படின்னு எனக்குத் தெரியாது, அடுத்த தடவை கொஞ்சம் மாவு கொண்டுவாங்க, பார்க்கிறேன் என்றார். ஒரு பாத்திரத்தில் பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனோம். போகிற வழியில் வெயிலுக்கு அது பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, பஸ்ஸில் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். டாக்டரம்மா மேசையிலிருந்த காகிதங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். தம்பி உருட்டினான், அவர் அவன் விரல்களையே பார்த்தார், எப்போது நடுக்கம் கூடுகிறது, எந்த நேரத்தில் மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார், ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அளவைக் குறைத்தார், நேரத்தை நம் அடுப்பு வேலைக்குத் தகுந்தபடி மாற்றினார். நிறுத்துவது மட்டும் கூடாது, நிறுத்த நினைச்சா முதல்ல என்கிட்ட வந்து சண்டை போடுங்க என்றார். இது என்றைக்கு முடியும் என்று கேட்டேன், தெரியாது ஐயா, தெரிஞ்சா உங்ககிட்ட மறைக்க மாட்டேன் என்றார். தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் என் வயதுக்கு அப்போதுதான் பார்த்தேன். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததும் அன்றைக்குத்தான். நடுக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் பன் நேராக நிற்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலையை விடப்போவதாகவும், உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைத் தொடங்கப்போவதாகவும் சொன்னாய். அறைச் சுவர் முழுக்க ஒரே மூச்சில் வண்ணம் அடித்ததைச் சொன்னாய், மூன்று மொழி ஒன்றாகப் படிப்பதைச் சொன்னாய். பசியே எடுப்பதில்லை என்று அம்மாவிடம் சொன்னாய். ஆபீஸில் பக்கத்து மேசைத் தோழி உன்னை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னாள் என்றும், அவ ரொம்ப மந்தம், என் வேகத்துக்கு அவளால ஈடு கொடுக்க முடியல, அதான் பேச்சை நிறுத்திட்டேன் என்றும் சொன்னாய். நான் வழக்கம்போல மார்தட்டக் கிளம்பிவிட்டேன். தம்பிதான் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து கடைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி உன் ஊர் நேரத்தை வைத்தான். நீ போன் செய்யும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டரம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். நீ என்னோடு பேசுவது நான் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஏறும்போது. அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். என் மகள் லேட்டாகப் படுத்து லேட்டாக எழுகிறவள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவோடு நீ பேசுவது அவள் சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் டீ குடிக்க உட்காரும்போது. அங்கே அப்போது விடிந்திருக்காது. என் மகள் சீக்கிரம் படுத்து விடியுமுன் எழுகிறவள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரே நாளில் எங்கள் இரண்டு பேரோடும் நீ பேசியிருக்கிறாய், ஒருநாள் அல்ல, பல நாள். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, மாடிப்படியில் எவ்வளவுதான் பேச முடியும்? அதே தப்பை நாங்கள் கடல் தாண்டியும் செய்திருக்கிறோம்.

நான் ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், உனக்கும் அதே நோயா, அதே மாத்திரையை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் பார்க்காத பொண்ணுக்கு நான் பேர் வைக்க மாட்டேன், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம், கூடப்பிறந்தவங்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூட, அதனால அங்கே இருக்கிற ஒரு டாக்டர் நேர்ல உட்கார்ந்து பார்க்கட்டும், சீக்கிரமா பார்க்கட்டும் என்றார். திட்டாமல், பயமுறுத்தாமல், தூக்கத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் ஏழு பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் எனக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பார். உனக்கு ஒன்றும் இல்லையென்றால் நீ எங்களை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்துகொள்ளலாம், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் நல்லாத்தானே இருக்கேன் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதே. தம்பி உன்னிடம் சொல்லச் சொன்னது இது, அவன் வாயால் வந்தபடியே எழுதுகிறேன். அக்கா, அன்னிக்கு எனக்கு வலிக்கவே இல்ல, என் வாழ்க்கையிலேயே அவ்ளோ நல்லா இருந்ததில்ல, அதுதான் நோய். இப்போ தட்டு லேசா பட்டாலும் சுரீர்னு வலிக்குது, ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியா இருக்கு.

அதனால், கண்ணு, அந்த மந்தமான தோழியிடம் மறுபடி பேசு, உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல். டாக்டர் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல், தம்பி விஷயத்தையும் சொல், அவன் சம்மதித்துவிட்டான். டாக்டர் பார்க்கிற வரை வேலையை விடுவதாக எதிலும் கையெழுத்துப் போடாதே, நல்ல யோசனையாக இருந்தால் அது நீ தூங்கி எழும்வரை காத்திருக்கும். யாராவது வர வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும், தம்பி வருவதற்குத் தயார், அந்த ஊர் நேரத்துக்கு மாத்திரையை எப்படி மாற்றிச் சாப்பிடுவது என்று இப்போதே டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்துவிட்டான். அம்மா எதிரே நின்று, பசிக்காவிட்டாலும் சாப்பிடச் சொல்லு, ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லு என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அந்த நூறு வயதில் தினமும் நன்றாகத் தூங்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். நீ தூங்குவதைக் கண்ணால் பார்த்தது யார்? எனக்குத் தெரிந்து கடைசியாகப் பார்த்தவன் நான்தான். விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு தூங்கினாய், இல்லவே இல்லை என்று இறங்கும்போது சண்டையும் போட்டாய். இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய். எதுவும் பேச வேண்டாம், போனைத் தலையணை பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள். உன் ராத்திரி எனக்குப் பகல்தானே, இனி மத்தியானம் நான் படுக்கப்போவதில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டிருப்பேன். தூக்கம் வரவில்லையென்றாலும் பரவாயில்லை, வைத்துவிடாதே. அந்தக் குறட்டைச் சத்தம் கேட்கும்வரை நான் இந்தப் பக்கம் இருப்பேன்.

என்றும் உன்,
அப்பா